கியர்பாக்ஸ் எப்போது சூடேறியது? ஆட்டோமேட்டிக் கனரக வண்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் வருஷக்கணக்காகக் கிளட்ச் மிதித்து லாரி ஓட்டியவர்கள் வளைகுடாவுக்கு வந்து, அலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்ட டிப்பரிலோ தண்ணீர் டேங்கரிலோ ஏறும்போது முதலில் நிம்மதியாகத்தான் இருக்கும். இடது காலுக்கு வேலையே இல்லை. டி பட்டனை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி நகர்கிறது. ஜூலை வெயிலில் முழு லோடோடு குவாரி மேட்டில் ஏறி, டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்த பிறகுதான், இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று யோசிக்கத் தோன்றும்.

பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் முதலில் சொல்வது எவ்வளவு சூடு என்பதை. "அண்ணே, நூத்தி இருபதைத் தாண்டிடுச்சு" என்பார்கள். சரி, அதுவும் வேண்டும். ஆனால் பதிலுக்கு நான் கேட்பது, எப்போது தாண்டியது? மேட்டிலா, இறக்கத்திலா, சமமான ரோட்டிலா, நின்ற இடத்திலா? இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் எதைக் கழற்றுவது, எதைத் தொடக்கூடாது என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். பதில் கிடைக்காதபோதுதான் ஆயிலை மாற்று, ஃபில்டரை மாற்று, கூலரை மாற்று என்று பணம் கரைகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடல் இல்லாத வண்டியெல்லாம் இந்த வகை இல்லை. வோல்வோவின் ஐ-ஷிஃப்ட் போன்றவற்றில் உள்ளே சாதாரண கிளட்ச்தான் இருக்கிறது. அதை இயக்குவது மட்டும் கம்ப்யூட்டர். அந்த வண்டி மேட்டில் சூடேறிக் கருகல் வாடை வந்தால் அது கிளட்ச் பிளேட்டின் கதை, வைத்தியமும் வேறு. இங்கே சொல்வது டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் பாகம், உள்ள கியர்பாக்ஸுக்கு மட்டும். அதிலும் அலிசன் 3000, 4000 வரிசைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். டிப்பர், குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி என்று உலகம் முழுக்க அவைதான் அதிகம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ்தான் அந்தக் கம்பெனியின் ஊர். நம்ம சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

விளக்கு எரிந்த அந்த நிமிஷம்

பலர் செய்வது, ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைப்பது. பயத்தில் வருகிற பழக்கம். ஆனால் இன்ஜின் நின்றால் கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் நிற்கும், வாட்டர் பம்ப் நிற்கும், ஃபேன் நிற்கும். உள்ளே இருக்கிற சூடு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். பத்திரமான, சமமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இன்ஜின் டெம்பரேச்சர் கேஜைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், நியூட்ரலிலேயே இன்ஜினை 1200 முதல் 1500 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். நியூட்ரலில் கன்வர்ட்டருக்குச் சுமை இல்லை, புதிதாகச் சூடு பிறக்காது. பம்ப் மட்டும் வேகமாக ஆயிலைக் கூலருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் முள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். இறங்காவிட்டால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றாலோ, இன்ஜின் கேஜும் சிவப்பில் இருந்தாலோ, அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அதோடு ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில் ஆயில் ஒழுகினாலோ புகை வந்தாலோ நியூட்ரல் வைத்தியமெல்லாம் கிடையாது. சூடான ஆயில் எக்ஸாஸ்ட் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கும். இன்ஜினை அணைத்து, தீயணைப்பானை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

சூடேறிய நேரத்தில் வண்டி மேல் கியருக்குப் போக மறுத்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஆயில் வரம்பைத் தாண்டினால் கம்ப்யூட்டரே மேல் கியர்களைப் பூட்டிவிடும். ஸ்கேனரில் பி0218 என்ற பிழைக் குறியீடு நிற்கும். ஆயில் அதிகச் சூடு என்பதுதான் அதற்குப் பொருள். காரணத்தை அது சொல்லாது.

சூடு எங்கே பிறக்கிறது

கிளட்ச் வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிளேட்டால் இறுகப் பிடித்திருக்கும். கன்வர்ட்டரில் அந்தப் பிடி கிடையாது. இன்ஜின் பக்கம் ஒரு சக்கரம் ஆயிலை வீசுகிறது. அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்கச் சக்கரம் சுழல்கிறது. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் ஆயிலைத் திருப்பி அனுப்பி இழுவையைக் கூட்டிக் கொடுக்கிறது. லோடு வண்டி அலுங்காமல் கிளம்புவது இதனால்தான். இரண்டு சக்கரத்தின் வேகத்துக்கும் வித்தியாசம் இருக்கும்வரை, அதில் வீணாகும் சக்தி எல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும்.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரையும் மிதிக்கிறீர்கள், வண்டி நகரவில்லை. இன்ஜின் 200 கிலோவாட் கொடுக்கிறது என்றால் அந்த 200 கிலோவாட்டும் ஆயிலுக்குத்தான். வீட்டு பாத்ரூம் வாட்டர் ஹீட்டர் 2 கிலோவாட். அப்படி நூறு ஹீட்டரை முப்பது லிட்டர் ஆயிலில் முக்கியது போல. கூலர் ஒன்றும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு ஏறக்குறைய நாலு டிகிரி ஏறும். கூலர் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனாலும் நிமிஷக் கணக்கு இல்லை இது, வினாடிக் கணக்கு.

இதைத் தடுக்கத்தான் லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. வேகம் கொஞ்சம் கூடியதும் அது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு வழுக்கல் இல்லை, அதனால் கன்வர்ட்டரில் சூடும் பிறக்காது. பூட்டியிருக்கிறதா என்று ஓட்டும்போதே கண்டுபிடிக்கலாம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். வண்டி வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் பூட்டவில்லை. ஆர்பிஎம்மும் வேகமும் ஒன்றாக ஏறினால் பூட்டியிருக்கிறது. பூட்டும் அந்த நொடியில், கியர் மாறியது போல ஆர்பிஎம் சற்று இறங்கும். ஓரிரு நாள் கவனித்து ஓட்டினால் காதுக்கே பிடிபட்டுவிடும். டிரைவருக்கு நான் சொல்லித்தருவதில் முதல் பாடம் இதுதான்.

எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயில் தொட்டியில் 71 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் எல்லாம் ஒழுங்கு. 121ஐத் தாண்டினால் அதிகச் சூடு. கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகிற ஆயிலுக்கு எல்லை 149. இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் ரிட்டார்டரிலிருந்து வெளியே வருவதற்கு 165. உங்கள் கேஜ் இந்த மூன்றில் எதைக் காட்டுகிறது என்று மேனுவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 130 என்ற எண் ஓரிடத்தில் ஆபத்து, இன்னோரிடத்தில் சாதாரணம்.

மேட்டில் சூடேறினால்

வருகிற புகாரில் பெரும்பங்கு இதுதான். இதில் பெரும்பாலும் கியர்பாக்ஸ் மேல் தப்பு இருக்காது.

கிரஷர் வாசலில் லோடு வண்டிகள் வரிசையாக நிற்கும், அதுவும் ஏற்றத்தில். முன்னால் இருக்கிற வண்டி இரண்டு அடி நகர்ந்தால் நாமும் இரண்டு அடி நகர்வோம். பிரேக் மிதிக்கச் சோம்பல்பட்டு, ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. ஊர் லாரியில் அரை கிளட்ச்சில் நிற்கிற அதே பழக்கம். அங்கே கிளட்ச் வாடை காட்டிக் கொடுத்துவிடும். இங்கே எந்த வாடையும் வராது, முள் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். மேட்டில் நின்றால் பிரேக்தான், ஆக்சிலேட்டர் கூடவே கூடாது. நிற்பது நீளும் என்று தெரிந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல்.

அதேபோல, முன்னால் ஊர்ந்து போகிற வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஊர வேண்டாம். நடை வேகத்தில் ஏறினால் லாக்-அப் பூட்டவே பூட்டாது. மேடு முழுக்கக் கன்வர்ட்டரிலேயே ஓடும். அடிவாரத்தில் நின்று இடைவெளி விட்டு, பாதை காலியானதும் ஒரே மூச்சில் ஏறுங்கள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

மூன்றாவது, கியர். டி-யில் விட்டால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது சமவெளிக்குச் சரி. நீண்ட ஏற்றத்தில் அது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மாறி மாறிக் குதிக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் லாக்-அப் விட்டுவிட்டுப் பிடிக்கும். கீழ் அம்பை அழுத்தி மூன்றை நிலையாக வைத்தால் ஆர்பிஎம் மேலே நிற்கும், லாக்-அப் பிடித்தபடி இருக்கும், ஃபேனும் வாட்டர் பம்பும் நன்றாக ஓடும். வேகம் கொஞ்சம் குறையும். டீசல் கூடக் குடிக்குமே என்று சில முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். கியர்பாக்ஸ் ஓவர்ஹால் பில்லோடு ஒப்பிட்டால் அது பெரிய விஷயமே இல்லை.

மணலில் புதைந்த வண்டியும் இந்தக் கணக்கில்தான் சேரும். சக்கரம் சுழலாமல் மாட்டிக்கொண்டிருக்கும்போது முழு ஆக்சிலேட்டரை 30 வினாடிக்கு மேல் கொடுக்கக்கூடாது. முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜின் ஐடிலுக்கு வந்த பிறகே டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்ற வேண்டும். நடுவில் முள் ஏறினால் நியூட்ரலில் வைத்து ஆறவிட்டுத் தொடருங்கள். அதைவிட நல்லது, மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வெட்டிவிடுவது.

இறக்கத்தில் சூடேறினால்

ரிட்டார்டர் உள்ள வண்டியா என்று பாருங்கள். அலிசனில் அது கியர்பாக்ஸின் பின்பக்கம் இருக்கும். ஆயிலைச் சுழலும் சக்கரத்தின் மேல் பாய்ச்சி வண்டியை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு. இறங்குகிற வண்டியின் வேகம் முழுவதும் ஆயில் சூடாக மாறி, அதே கூலர் வழியாக ரேடியேட்டர் தண்ணீருக்குப் போகிறது. பிரேக் லைனிங் தேயாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கிற விலை இது.

இங்கே புதியவர்கள் செய்வது, மேல் கியரில் வேகமாக இறங்கிக்கொண்டு ரிட்டார்டரை முழுதாகப் போடுவது. ஆர்பிஎம் குறைவாக இருப்பதால் வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவாக ஓடும். சூடு மட்டும் முழுசாக வரும். எந்த வண்டியாலும் தாங்க முடியாது. இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். ஆர்பிஎம் சிவப்புக் கோட்டுக்குள், ஆனால் உயரமாக இருக்கட்டும். ரிட்டார்டரைப் பாதியில் வைத்தாலே போதும், மீதியை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். சூடு எல்லையைத் தொட்டால் ரிட்டார்டர் தானாகவே பிடியைத் தளர்த்தும் என்பதை மறக்காதீர்கள். பாதி மலையில் பிடி தளர்ந்தால் கையில் மிச்சமிருப்பது கால் பிரேக் மட்டும்தான். அதனால் முள் ஏற ஆரம்பித்ததுமே கால் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து இன்னொரு கியர் இறக்குங்கள். விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது பற்றிப் பேசவே தேவையில்லை. பிரேக்கும் போகும், கியர்பாக்ஸும் கெடும்.

சமமான ரோட்டில் சூடேறினால்

இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கும். எண்பதில் சீராக ஓடும்போது லாக்-அப் பூட்டியிருக்கும், காற்றும் நன்றாக அடிக்கும். அப்போதும் சூடேறினால் ஓட்டுவதில் தப்பில்லை, வண்டியில்தான் ஏதோ கோளாறு. ஒன்று, கூலர் வேலை செய்யவில்லை. இல்லையென்றால் லாக்-அப் பூட்டவில்லை. அதுவும் இல்லையென்றால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி. வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே, மேல் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு என்று பார்த்துக் கேபினில் எழுதி ஒட்டிவிடுங்கள். சூடேறும் நாளில் அதே வேகத்தில் ஆர்பிஎம் இருநூறு கூடுதலாக நின்றால், எங்கேயோ வழுக்குகிறது என்று பொருள். பட்டறைக்குப் போங்கள், ஸ்கேனர் போட வேண்டும். ஆர்பிஎம் மாறவில்லை என்றால் கூலர் பக்கம் போகலாம்.

நின்ற இடத்தில் சூடேறினால்

டேங்கர் பம்ப், குப்பை அழுத்தும் ஹைட்ராலிக் மாதிரி கியர்பாக்ஸ் பிடிஓவில், அதாவது கியர்பாக்ஸிலிருந்தே சக்தி எடுத்து, ஓடுகிற வேலைகளில் இது வரும். வண்டி நகராததால் முகத்தில் காற்று அடிக்காது, எல்லாம் ஃபேனை நம்பித்தான். சுவரை ஒட்டி நிறுத்தினால் வெளியே வந்த சூடான காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். கொஞ்சம் தள்ளி, முகப்பைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். டி-யில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஏசியில் அரை மணி நேரம் காத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான், கூடவே நியூட்ரல்.

ஆயில் அளவு: குறைந்தாலும் சூடு, கூடினாலும் சூடு

சூடேறியதும் "ஆயில் கொஞ்சம் ஊத்து" என்பார்கள். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். அது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் அதே கதிதான் என்பது பலருக்குத் தெரியாது. சுழலும் சக்கரங்கள் ஆயிலில் மூழ்கிக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை சூட்டையும் கடத்தாது, அழுத்தத்தையும் தாங்காது. அதனால் அளக்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

அளப்பதும் இன்ஜின் ஆயில் மாதிரி இல்லை. சமதளம், ஹேண்ட் பிரேக், நியூட்ரல், இன்ஜின் ஐடிலில் ஓட வேண்டும். ஆயில் 71க்கும் 93க்கும் நடுவில் இருக்கும்போது டிப்ஸ்டிக்கில் சூடான அளவுக்கான பட்டையைப் பாருங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது அந்தப் பட்டைவரை ஊற்றினால், சூட்டில் ஆயில் விரிந்து அளவு மிஞ்சிவிடும். குளிர்ந்த அளவுக்கு டிப்ஸ்டிக்கில் கீழே தனிப் பட்டை இருக்கிறது; அது வண்டியைக் கிளப்பலாமா என்று பார்ப்பதற்கு மட்டும்.

பட்டன் வகை செலக்டரும் ஆயில் சென்சாரும் உள்ள வண்டியில் இன்னும் சுலபம். ஆயில் 60 முதல் 104 டிகிரிக்குள் இருக்கும்போது, மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒன்றாக ஒரு தடவை அழுத்துங்கள். வண்டி நின்று இரண்டு நிமிஷம் ஆகாவிட்டால், ஆயில் வடிந்து அடங்கும்வரை எட்டிலிருந்து ஒன்றுவரை எண்ணிக் காத்திருக்கும். பிறகு சரி என்றோ, எவ்வளவு குறைவு, எவ்வளவு அதிகம் என்றோ திரையில் வரும். அங்கே வரும் எண் குவார்ட் கணக்கு. ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

எந்த ஆயில் என்பதில் சமரசம் வேண்டாம். டிஇஎஸ் 295 என்ற தரத்தில் வரும் சிந்தெடிக் ஆயில்தான் நெடுநாளாகப் புழக்கத்தில் இருந்தது. இப்போது அதன் இடத்தில் டிஇஎஸ் 668 வந்திருக்கிறது. டப்பாவில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை.

கூலர் பக்கம் போனால்

பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விப்பது இன்ஜின் தண்ணீர்தான். ஆகவே தண்ணீர் 95 டிகிரியில் இருந்தால் ஆயிலை அதற்குக் கீழே கொண்டுவர அந்தக் கூலரால் முடியாது. ரேடியேட்டரைப் பார்க்காமல் கியர்பாக்ஸ் கூலரை மாற்றுவது வீண் செலவு.

குவாரி வண்டியின் ரேடியேட்டரை முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஏசி கண்டென்சர், டர்போ காற்றுக் கூலர், அப்புறம்தான் ரேடியேட்டர் என்று அடுக்கடுக்காக நிற்கும். அழுக்கு இருப்பது அடுக்குகளுக்கு நடுவில். டார்ச்சை இன்ஜின் பக்கம் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் துளித்துளியாக ஊடுருவி வர வேண்டும். வராத இடமெல்லாம் அடைப்பு. கல்தூளில் ஆயில் கசிவு சேர்ந்தால் சிமெண்டு மாதிரிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், வெறும் காற்றுக்கு அசையாது. டிகிரீசர் அடித்து ஊறவிட்டு, குறைந்த அழுத்தத் தண்ணீரால் இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் ஃபின் எல்லாம் மடங்கி, பழைய அடைப்பே மேல் என்று ஆகிவிடும்.

அடுத்து ஃபேன். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஃபேன் பிடித்துக்கொண்டு இரைச்சல் கிளம்ப வேண்டும். அந்த இரைச்சல் வரவில்லை என்றால் ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள். பெல்ட் தளர்வு, ஃபேனைச் சுற்றிய கவசத்தில் உடைசல் இரண்டையும் அதே கையோடு பார்த்துவிடலாம். கூலன்ட்டுக்குப் பதில் கிணற்று நீரை ஊற்றி உப்புப் படிய விட்ட ரேடியேட்டர்களும் உண்டு. அவற்றை வெளியில் எவ்வளவு கழுவினாலும் பலனில்லை.

இதெல்லாம் சரி என்றால் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுங்கள். கூலருக்குப் போகும் ஆயில் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டிலும் அளக்க வேண்டும். பளபளக்கும் இரும்பில் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் குறி வையுங்கள். வண்டி லோடோடு ஓடி வந்ததும் உடனே அளக்க வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் பயனில்லை. இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் கூலர் சூட்டை எடுக்கவில்லை, தண்ணீர்ப் பக்கம் கோளாறு. போகிற ஹோஸ் கொதித்து, திரும்புகிற ஹோஸ் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தால் ஆயில் சரியாக ஓடவில்லை; கூலருக்குள் அடைப்பு, அல்லது ஹோஸ் உள்ளே சிதைந்து மடங்கியிருக்கிறது. வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் ஹோஸ்கூட உள்ளே உரிந்திருக்கும்.

கேஜே பொய் சொல்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போட்டதும் கியர்பாக்ஸ் சூடு வெளிக்காற்றின் அளவைச் சுற்றித்தான் காட்ட வேண்டும். அப்போதே 80 காட்டினால் சென்சாரையும் வயரையும் பாருங்கள்.

ஆயிலை முகர்ந்து பாருங்கள்

டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். கொஞ்சம் கறுத்திருப்பது மட்டும் ஆபத்து இல்லை. கருகல் வாடையும், விரலில் தேய்த்தால் தூள் நெருடலும் இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கிறது. ஒரே ஒரு முறை கொஞ்ச நேரம் சூடேறி இறங்கியதற்கு ஆயில் மாற்ற வேண்டியதில்லை. அடிக்கடி ஏறினால், கம்பெனி சொன்ன இடைவெளியை நம்பாமல் முன்கூட்டியே மாற்றுங்கள். சூடு 11 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. மாற்றும்போது இரண்டு ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பில் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கூலர் உள்ளே உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருளைக் கெடுத்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிப் பிழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கியர்பாக்ஸைக் கழற்றிப் பிளேட்டுகளை மாற்றியே தீரவேண்டும்.

வண்டியை இழுத்துக்கொண்டு போவதானால், கிளம்புமுன் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள், அல்லது ஓட்டும் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கச் சொல்லுங்கள். இன்ஜின் நின்றிருப்பதால் ஆயில் பம்ப் ஓடாது. பின் சக்கரம் மட்டும் சுற்றி, உள்ளே பாகங்கள் ஆயிலில்லாமல் உரசும். ரெக்கவரி வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், "பக்கத்துலதானே, அஞ்சு கிலோமீட்டர்" என்பார். நீங்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு ஷாஃப்ட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, பட்டறையில் கொடுக்கும்போது எந்த இடத்தில், எந்த கியரில், எவ்வளவு லோடோடு முள் ஏறியது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.